முறைக்கிறவர் எல்லாம் நாயகனா?



சீசன் நேரத்தில் தென்காசியிலிருந்து ஐந்தருவி போகிற பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். சாரலில் நனைந்த கூட்டம், ஈரத் துண்டு வாசம், ஜன்னலை மூடச் சொல்லி ஒரு சண்டை! அப்படி ஒரு பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் நம் தோழிகள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏட்டி, அவன் பெரிய வில்லனாம். ஆபீஸ்ல ஆளுங்க தலைய வெட்டித் தொங்க விட்டிருக்கான். ஆனா இவகிட்ட மட்டும் அவனுக்குக் கோவமே நிக்க மாட்டேங்கு!"

"அப்புறம் என்னட்டி ஆச்சு?"

"அப்புறம் என்ன, லவ்வுதான்!"

பயந்து திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, கதைதானாம்! அமெரிக்காவில் ஹன்னா நிக்கோல் மேரர் என்ற பெண் எழுதி 2023-ல் வெளிவந்த மாயாஜால நாவல். வில்லனிடம் உதவியாளராகச் சேரும் ஈவி, எந்நேரமும் சிரித்த முகம், ஓயாத வாய். முதலாளியோ சிடுமூஞ்சி. கடைசியில் எரிமலை உருகிப் பனியாகும் என்பதுதான் வாசகர்களின் நம்பிக்கை.

இது நமக்குப் புதிதா? வாடகை நூலகத்தில் ரமணிசந்திரன் நாவல்களை அக்காமார்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்களே! வசதியான நாயகன், காரணமில்லாமல் சந்தேகப்பட்டு வார்த்தையால் குத்துவான். பொறுமையான நாயகி தாங்குவாள். கடைசி அத்தியாயத்தில் அவன் மனம் திறப்பான். படித்து முடிக்கையில் நமக்கே கண் கலங்கும். நானும் படித்தவள்தான், ஒளிக்கவில்லை. கதை படிப்பது குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கதை நம் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு வேலைக்கும் கூடவே வந்தால்? அதைப் பற்றித்தான் என் பேச்சு.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் அம்மாக்கள் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான். கட்டுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், சரிபார்க்கிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நாலு கட்டைப் பிரிப்பார், இரண்டைக் கழித்துப் போடுவார். அம்மா ஒன்றும் பேச முடியாது. பேசினால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு கழியும். அந்த முறைப்பை யாரும் காதல் என்று சொன்னதில்லை. அதற்குப் பெயர் அதிகாரம். அதே முறைப்பு ஏ.சி. ரூமில் கோட்டு போட்டு உட்கார்ந்தால் மட்டும் அது 'உள்ளுக்குள்ள நல்ல மனசு' ஆகிவிடுமா?

என் அக்கா கதையைச் சொல்கிறேன். டிகிரி முடித்து, டேலி படித்து, ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தாள். அவளும் சிரித்த முகக்காரிதான். மேலாளர் ஃபைலைத் தூக்கி எறிவார். எல்லார் முன்னாடியும் "மூளை இருக்கா?" என்று கேட்பார். பழைய ஆட்கள் சமாதானம் சொன்னார்கள்: "அவரு அப்படித்தாம்மா. மனசு தங்கம்." அக்கா நம்பினாள். அவருக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அவளே காரணமும் கண்டுபிடித்தாள். எறிந்த ஃபைலைச் சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். போகப் போகச் சிரிப்பதும் அவள் வேலையில் ஒன்றாகிவிட்டது. ஒருநாள் சிரிக்கவில்லை என்றால், "என்ன, திமிரா?" என்று கேள்வி!

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று லீவு கேட்டாள். கிடைக்கவில்லை. வேலையை விட்டாள். அனுபவச் சான்றிதழுக்கு மூன்று மாதம் நடையாய் நடந்தாள். "ஏம்மா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?" என்று அம்மா கேட்டார்கள். அக்கா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "மாறுவாருன்னு நெனச்சேம்மா."

அக்கா ஒன்றை மட்டும் தாமதமாகக் கவனித்தாளாம். தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகிற நாளில் அந்த மேலாளர் குரலே மாறிவிடும். "எஸ் சார், எஸ் சார்" என்று குழைவார். அன்றைக்கு ஒரு ஃபைல்கூடப் பறக்காது! மேலே உள்ளவரிடம் அடங்குகிற கோபம் கீழே உள்ளவரிடம் மட்டும் ஏன் அடங்கவில்லை? அடக்கத் தெரியாமல் இல்லை, அடக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே தோழிகளே, ஒருவர் நல்லவரா என்று பார்க்க அவர் மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். தனக்கு மேலே உள்ளவரிடம் எப்படி, கீழே உள்ளவரிடம் எப்படி என்று பார்த்தால் போதும்.

சரி, முதலாளி பெண்ணாக இருந்தால்? 1992-ல் பி. வாசு இயக்கத்தில் வந்த 'மன்னன்' படத்தை டி.வி.யில் பார்க்காதவர் உண்டா? விஜயசாந்தி ஆணவக்கார முதலாளி, ரஜினிகாந்த் அவரிடம் வேலை பார்க்கும் தொழிலாளி. அவரை அடக்குவதற்காகவே முதலாளியம்மா கல்யாணம் செய்துகொள்கிறார். கடைசியில் என்ன? அவர் குடும்பத் தலைவியாக வீட்டோடு இருக்கிறார், கணவர் வேலைக்குக் கிளம்புகிறார். விசில் பறந்தது! ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதையில் ஆண் வில்லன் திருந்தினால் நாற்காலியும் அவருக்கே, காதலியும் அவருக்கே. பெண் வில்லி திருந்தினால் முதலில் போவது அவள் நாற்காலி. இரண்டு கதையிலும் விட்டுக்கொடுப்பது யார்?

இந்தக் கதைகளுக்கெல்லாம் பாட்டி என்று 'ஜேன் எயர்' நாவலைச் சொல்லலாம். சார்லட் பிராண்டி எழுதி 1847-ல் வந்தது. ஜேன் ஓர் ஏழை ஆசிரியை, ராச்செஸ்டர் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் கடுகடுப்பான எஜமான். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும், மனசு நிறையக் காதல் இருந்தும் ஜேன் வெளியேறுகிறாள். திரும்பி வருவது எப்போது? சித்தப்பா சொத்து அவளுக்கு வந்து சொந்தக் காலில் நின்ற பிறகு. அப்போது அவர் வீடு எரிந்து, பார்வையும் போய் உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற கயிறு அறுந்த பிறகுதான் கல்யாணம்! நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய பாட்டிக்குத் தெரிந்தது பேத்திகளுக்கு மறந்துபோனதே!

ஆபீஸில் காதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரரை விரும்பிக் கட்டி, நன்றாக வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "நாளைக்கு நான் முடியாது என்றால், என் சம்பளமும் சான்றிதழும் பத்திரமாக இருக்குமா?" இருக்கும் என்றால் அது காதலாக இருக்கலாம். இல்லை என்றால் அந்தச் 'சரி'க்கு அர்த்தமே கிடையாது.

இதைச் சட்டமும் புரிந்துகொண்டிருக்கிறது. 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது, 2013-ல் தனிச் சட்டம் வந்தது. பாலியல் தொந்தரவு மட்டுமல்ல, இணங்கினால் சலுகை, மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று ஜாடை காட்டுவதும் அதில் அடங்கும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்டத்தில் ஒரு குழு. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ட்ரெய்னி, அப்ரண்டிஸும் இதில் சேர்த்தி. இன்பிளாண்ட் ட்ரெய்னிங் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்! ஆனால் ஃபைல் எறிகிற வெறும் சிடுமூஞ்சிக்கு இந்தச் சட்டம் போதாது. பையன்களுக்கும் இதில் இடமில்லை. அங்கே நமக்கு நாமேதான் துணை.

காதலுக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி குறி சொல்லி, நகையும் பரிசுமாகச் சம்பாதித்து வருகிறாள். தேடி வந்த சிங்கன் ஒவ்வொரு நகையாகக் காட்டி, இது ஏது, அது ஏது என்று துளைக்கிறான். சிங்கி சளைக்காமல் பதில் சொல்கிறாள். அவன் கேட்கலாம், அவளும் வாய்க்கு வாய் பேசலாம். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. அதனால்தான் அந்தச் சண்டையில் இன்றைக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

கடைசியாக ஒன்று, முக்கியமாக ஆண் தோழர்களுக்கு. டிப்ளமோ முடித்த நாம் எங்கே போகிறோம்? சென்னை, ஓசூர், கோவை என்று எங்கே போனாலும் நாலைந்து வருஷத்தில் நாம்தான் சூப்பர்வைசர், ஷிஃப்ட் இன்சார்ஜ். அன்றைக்கு ஒரு ட்ரெய்னி, பையனோ பெண்ணோ, நம் கையெழுத்துக்காக நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பார். அவர் சிரித்தால் அது நம் அழகுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கையெழுத்து அவருக்கு வேண்டும்! சிரிக்காவிட்டாலும் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள். லீவு கேட்டால் "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

வில்லனைத் திருத்துகிற வேலை எந்தத் தோழிக்கும் வேண்டாம். நாம் வில்லனாகாமல் இருந்தால் போதும்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின் மற்றும் மின்னணுவியல் துறை