பெயர் இருக்கு, ஆள் இருக்கா?



நம் லேபில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவுட்புட் வராவிட்டால் பக்கத்து பெஞ்சு ரெக்கார்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது எந்த சாரும் இல்லை, லினக்ஸ் கெர்னல்!

போன செமஸ்டரில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டை லேப் கம்ப்யூட்டரின் இரண்டாவது சீரியல் போர்ட்டில் மாட்டினோம். ஓர் எழுத்துகூட வரவில்லை. "போர்டு போச்சுடா, காப்பி பண்ணிக்கோ" என்றார்கள். டிவைஸ் பட்டியலில் டிடிஒய்எஸ்1 என்று பெயர் இருந்தது. அதோடு பேசப் போனால் 'இன்புட் அவுட்புட் எரர்'. பெயர் இருக்கு, ஆளைக் காணோம்! எப்படி?

டிரைவர் இணையும் முறையில்தான் விடை இருக்கிறது. பிசியில் முதல் சீரியல் போர்ட்டுக்கு வழக்கமான முகவரி, ஹெக்ஸாடெசிமலில் 3எஃப்8, இன்டரப்ட் 4. இரண்டாவதுக்கு 2எஃப்8, இன்டரப்ட் 3. பூட் ஆகும்போது 8250 டிரைவர் முகவரியை மட்டும் நம்பி இணைந்துவிடாது. இன்டரப்ட் எனேபிள் ரிஜிஸ்டரில் 0 எழுதித் திரும்பப் படிக்கும். பிறகு கீழ் நான்கு பிட்டிலும் 1 எழுதிப் படிக்கும். எழுதியதே திரும்பி வந்தால்தான் அடுத்த பேச்சு. சிப் இல்லாத இடத்தில் பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 ஆகவே வரும். 0 எழுதியதுமே குட்டு உடைந்துவிடும். அடுத்து, "நீ யார்?" என்று ஃபிஃபோவை எனேபிள் செய்து பார்க்கும். 16550ஏ என்றால் 16 பைட் தாங்கும். பழைய 8250 என்றால் ஒரே பைட். இவ்வளவும் முடிந்த பிறகே இணைந்து, லாகில் ஒரு வரி எழுதும்.

அந்த லாகைப் படித்தேன். டிடிஒய்எஸ்0 மட்டும் 3எஃப்8-இல் 16550ஏ என்று இருந்தது. இரண்டாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் அந்த போர்ட் 'டிசேபிள்'! எனேபிள் செய்து மறுபடி பூட் பண்ணினேன். 2எஃப்8 வரி வந்தது. செத்துப்போச்சு என்ற போர்டு "ஹலோ" என்றது.

காப்பியடித்த ரெக்கார்டும் அந்த டிடிஒய்எஸ்1 மாதிரிதான். பெயர் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. நாளைக்கு இன்டர்வியூவில் ஒருவர் திறந்து கேட்டால் எரர்தான் வரும்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர், நேரம் எங்கே?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் லாகைப் படிக்க ஐந்து நிமிஷம் போதும். அவுட்புட் இல்லாவிட்டால் மார்க் இல்லை என்பதால்தானே காப்பியடிக்கிறோம்? அவுட்புட் வராத காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினாலும் மார்க் உண்டு என்று நம் யூனியன் கேட்டு வாங்க வேண்டும். இது என் கோரிக்கை.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். கையால் தொட்டு எண்ணாமல் லாரியை அனுப்ப மாட்டார். அவர் மகன், பார்க்காததைப் பார்த்ததாக எழுதலாமா?