கருப்பிலும் பல கருப்பு உண்டு

போன ஜூலையில் பத்து நாள் லீவில் கொழிஞ்சாம்பாறை போயிருந்தேன். அப்பாவின் 1984 மாடல் புல்லட்டைப் பார்த்ததும் சுருக்கென்றது. டேங்கில் ஓட்டை விழுந்து, அடைத்து, தம்பி பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறான். "கருப்புதானே, இதுக்கு என்ன மேட்ச் பாக்கறது?" என்றாராம் பெயிண்டர். வெயிலில் நிறுத்தினால் டேங்க் நீலம் ஓடுகிறது, மட்கார்டு பழுப்பு ஓடுகிறது. டேங்கில் இருந்த தங்கக் கோட்டுக்குப் பதில் ஸ்டிக்கர்!

"மொத்தமா ஒரே கருப்பு அடிச்சுடலாங்ணா" என்றான் தம்பி. நான் வேண்டாம் என்றேன்.

கருப்பு பெயிண்டுக்கு நிறம் தருவது பெரும்பாலும் கரித்தூள். துகள் மிக நுண்ணியதாக இருந்தால் நீலச் சாயல், சற்றுப் பெரிதானால் பழுப்புச் சாயல். அந்தக் கரி வெயிலில் வெளுக்காது. வெளுப்பது அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்தான். ஆகவே பழைய பாகத்தை முதலில் பாலிஷ் போட்டுப் பார்க்க வேண்டும். பாதி வித்தியாசம் அங்கேயே போய்விடும். பிறகு சீட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தை வைத்து, ஒரு தகரத் துண்டில் அடித்து, காய்ந்த பின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். ட்யூப் லைட்டில் எல்லாக் கருப்பும் ஒன்றுதான். மேலே கிளியர் கோட் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும், பக்கத்தில் பழைய எனாமல் இன்னும் கிழடாகத் தெரியும்.

இன்னொன்று, மழைக்காலத்தில் அடிக்கக் கூடாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். என்.சி. பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். பீர்மேடு, மூணாறு பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த நினைப்பையே விட்டுவிடலாம். ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

இவ்வளவு ஏன் என்றால், அந்த மட்கார்டில் இருக்கும் தங்கக் கோடு திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் யாரோ ஒருவர் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தது. டேங்கில் இருந்தது போய்விட்டது. மிச்சம் இதுதான். மேலே பெயிண்ட் அடித்தால் அதுவும் போச்சு.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க வருசத்துக்குப் பத்து நாள் பாக்கறீங்க. தினமும் ஓட்டறவன் நான். துரு என் கைலதான் ஒட்டுது."

பதில் சொல்ல முடியவில்லை. வெளியூரில் இருக்கும் நமக்கு வீட்டுச் சாமான் எல்லாம் நாம் விட்டுவிட்டு வந்தபடியே இருக்க வேண்டும். அதைத் துடைத்து வைப்பது மட்டும் அங்கே இருப்பவர்கள் வேலை. இது நியாயமில்லைதான்.

கடைசியில் ஒரு உடன்பாடு. துருப்பிடித்த பாகங்களை அவன் இஷ்டப்படி சுரண்டி அடிக்கலாம். மட்கார்டுக்கு பாலிஷ் மட்டும். டேங்கை ஜனவரியில் மட்கார்டோடு ஒத்துப்போகும்படி மறுபடி அடிக்க வேண்டும், கோடு கையால் இழுக்க வேண்டும். செலவு என்னுடையது.

புதிய பெயிண்ட்தான் பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கும் வண்டிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?