ஸ்ரீவைகுண்டத்து ஆகாயத் தாமரை

பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரச் சக்கரங்களைச் சுழற்றி இறங்கும் தாமிரபரணி ஜலமே, ஸ்ரீவைகுண்டம் அணையில் தேங்கித் தூத்துக்குடி ஜில்லாவின் வயல்களுக்குப் பாய்கிறது. முத்துக்குப் பெயர்போன துறைமுகப் பட்டணமும் குடிநீருக்கு இவ்வாற்றையே நாடி நிற்கிறது. மலையில் இந்த ஜலத்தைக் காப்பது காடு. அதை அழித்தால் மண் கரைந்து நீர்த்தேக்கம் தூர்ந்துபோகும். கீழேயோ நிலைமை நேர்மாறு. இங்கே அழிக்கவேண்டியவை கரையில் சீமைக் கருவேலமும், நீரில் ஆகாயத் தாமரையும்.

அணையில் தூர் வாரும் வேலை 2015-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின் பேரில்தான் தொடங்கிற்று! 2023 டிசம்பர் வெள்ளம் பெருமழையால் வந்ததே; ஆயினும், ஓட்டத்தை மறிக்கும் பூண்டை மதகருகே விட்டுவைப்பது விவேகமாகாது. வாரியதைக் கரையிலேயே குவிப்பதும் வீண். அடுத்த நீர்வரத்து அதைத் திரும்ப ஆற்றில் தள்ளிவிடும். ஒரு துண்டு மிஞ்சினாலும் தளிர்க்கும். விதையோ சேற்றில் பல வருஷம் உறங்கும்.

இப்பூண்டுக்கு உரம் சாக்கடை. மேலே திருநெல்வேலி முதலிய ஊர்களின் கழிவுநீர் சேருமட்டும், கீழே வாரியவர்கள் வாரிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். ஆகவே இரு ஜில்லா கலெக்டர்களும் கலந்து, புரட்டாசி முடியுமுன் ஒரே தேதியில் வேலையைத் தொடங்கி, வாரியதை ஆற்றுப்படுகையை விட்டே அப்புறப்படுத்த உத்தரவிடுவார்களாக.