பழைய மெயில் சர்வரை எப்போதுதான் அணைப்பீர்கள்?

அலுவலக மின்னஞ்சல் மொத்தமும் கிளவுடுக்கு மாறியாயிற்று. ஆனால் மூலையில் அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் சர்வர் இன்னமும் உறுமிக்கொண்டிருக்கிறது. கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே... சோறா கேக்குது?" என்பார்கள்.

சோறு கேட்காதுதான். காவல் கேட்குமே! குடிபோன பிறகு பழைய வீட்டின் கொல்லைக்கதவைத் திறந்தே போடுவது போலத்தான் இது. அதைவிட மோசம் என்றும் சொல்லலாம், ஏனென்றால் பழைய வீட்டின் சாவி பல இடங்களில் புது வீட்டையும் திறக்கும். பயனர் கணக்குகள் இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் அங்கே திருடிய பாஸ்வேர்டு இங்கேயும் செல்லும்.

வெறும் பூச்சாண்டி அல்ல இது. 2021 மார்ச் 2 அன்று எக்ஸ்சேஞ்ச் சர்வரின் நான்கு ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அவசர ஒட்டு வெளியிட்டது. அதற்கு முன்பே ஹாஃப்னியம் என்று பெயரிடப்பட்ட கும்பல் உள்ளே புகுந்துவிட்டிருந்தது. கிளவுடில் இருந்த எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கு அந்த ஓட்டைகளால் பாதிப்பில்லை. அடிபட்டவை அலுவலகங்களில் கிடந்த சர்வர்கள்! ஒட்டுப் போட்டாலும் திருடன் விட்டுச்சென்ற வெப் ஷெல் தானாகப் போகாது. கடைசியில் அந்த ஏப்ரலில், அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதியோடு நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குள் நுழைந்து அவற்றை நீக்கியது. அதுவும் உரிமையாளர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமலே. தன் வீட்டைத் தானே கூட்டாவிட்டால் இப்படித்தான், போலீஸ் வந்து கூட்டும்.

சரி, சாக்குகளுக்கு வருவோம்.

"பழைய மடல்கள் வேண்டுமே?" வேண்டும்தான். தனியாக ஆவணப்படுத்தி, திறந்து பார்த்துச் சோதித்து வையுங்கள். அதற்கு இணையத்தைப் பார்த்தபடி ஒரு சர்வர் எதற்கு?

"ஸ்கேனர் அது வழியாகத்தானே மெயில் அனுப்புகிறது?" லாக் கோப்பைப் பார்த்தால் எந்தெந்த இயந்திரம் என்று தெரிந்துவிடும். அவற்றை மாற்ற ஒரு மதியம் போதாதா?

"கணக்குகளை நிர்வகிக்க அது தேவை" என்பது மட்டும் ஒருகாலத்தில் நியாயமாக இருந்தது. அந்தப் பழி மைக்ரோசாஃப்டுக்கே. ஆனால் 2022 ஏப்ரலில் வந்த எக்ஸ்சேஞ்ச் 2019 மேம்பாட்டுக்குப் பின், கடைசி சர்வரை அணைத்துவிட்டு நிர்வாகக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு பணியாற்ற முடியும். (இந்த முறையில் அணைக்கத்தான் வேண்டும், அன்இன்ஸ்டால் செய்யக்கூடாது. அவசரக் கைகள் கவனிக்க!) 2016, 2019 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் என்ன சாக்கு?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எம்.எக்ஸ்., ஆட்டோடிஸ்கவர் பதிவுகள் புது இடத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஃபயர்வாலில் பழைய சர்வருக்கான வழியை அடையுங்கள். சில வாரம் அணைத்து வைத்து, யார் கத்துகிறார்கள் என்று கவனியுங்கள். யாரும் கத்தாவிட்டால் வட்டைச் சுத்தமாக அழியுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போவது அதற்குப் பிறகு!

அந்த வட்டில் இருப்பது நிர்வாகியின் சொத்தா என்ன? எவருடைய சம்பளச் சீட்டோ, மருத்துவ விடுப்புக் கடிதமோ, வேலை கேட்டு எழுதிய விண்ணப்பமோ அதில் கிடக்கிறது. எழுதியவர்களில் பலர் அந்த அலுவலகத்தை விட்டே போயிருப்பார்கள். தங்கள் மடல் இன்னும் அங்கே இருப்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. "இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்பவர் பணயம் வைப்பது அவர்களைத்தான்.

மடல்களை இடம் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி, பழையதை அணைப்பது.