பார்த்துக் கற்பதும், செய்யத் துணிவதும்

‘பிள்ளைகள் கண்டதையெல்லாம் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள்’ என்று புலம்பாத பெற்றோரை எங்கள் செங்கல் பகுதியில் காண்பது அரிது. பழி முழுவதும் கைப்பேசியின் மேல் விழுகிறது. இந்தப் புலம்பலில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லவே இந்தப் பதிவு.

மனிதர் பிறரைப் பார்த்தே நடத்தையைக் கற்கின்றனர் என்பதை ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் ஒரு காற்றடைத்த பொம்மையைக் கொண்டு சோதித்துக் காட்டினார். பெரியவர் ஒருவர் அந்தப் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதேபோல் அடித்தன. பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1965-இல் அவர் வெளியிட்ட ஆய்வு. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தன. ஆனால் ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்றதும், அவையும் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகச் செய்து காட்டின. அதாவது, தண்டனை கற்றலைத் தடுக்கவில்லை. கற்றதை வெளிக்காட்டுவதையே தடுத்தது. கற்றல் வேறு, செய்யத் துணிதல் வேறு.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரின் வரலாறே போதும். மேலாடை அணிவது எப்படி என்பது நாடார் பெண்களுக்குத் தெரியாத வித்தை அன்று. அன்றாடம் கண்முன் கண்டதுதான். அணிந்தால் என்ன நேரும் என்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள். மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. அவர்களைக் கண்டு மற்றப் பெண்களும் துணிந்தனர். குப்பாயத்தோடு நில்லாமல் தோள்சீலையும் அணிந்தனர். அதற்காகச் சந்தைகளிலும் வழிகளிலும் தாக்கப்பட்டனர். கலகம் பல பத்தாண்டுகள் நீண்டது.

1859 சூலை 26-இல் வெளிவந்த அரசாணையை ஊன்றிப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது அது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்றும் சொன்னது. அரசு கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது துணியை அன்று. பார்த்துச் செய்யும் உரிமையை. ஒருவரைப் போலவே இன்னொருவரும் உடுத்திக்கொண்டால் பிறப்பால் வந்ததாகச் சொல்லப்பட்ட உயர்வுக்கு அடையாளமே இல்லாமல் போகும் என்ற அச்சமே அந்த ஒரு விலக்கில் தெரிகிறது.

எங்கள் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இதன் தொடர்ச்சியைக் காணலாம். 1888-இல் அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிட்டை செய்தார். 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றார். லிங்கம் நிறுவுவதும் வண்டியில் செல்வதும் எல்லாரும் கண்டறிந்த செயல்களே. ‘நாமும் செய்யலாம்’ என்று ஒருவர் செய்து காட்டியதுதான் புதிது. அதைப் பார்த்தவர்கள் செயலைக் கற்கவில்லை, துணிவைக் கற்றார்கள்.

கீழ்நிலையில் வைக்கப்பட்டோர் மேல்நிலையினரின் வழக்கங்களை மேற்கொள்வதை எம். என். சீனிவாஸ் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்றார். அந்தக் கருத்தாக்கம் பயனுள்ளதே. எனினும், இந்நிகழ்வுகளை எல்லாம் ‘மேலோரைப் போலாக விரும்பினர்’ என்று சுருக்கிவிடுவது அநீதி என்பேன். அவர்கள் மேலோராக விரும்பவில்லை. மேல், கீழ் என்ற பிரிவே பொய் என்று காட்டினார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பனையேறும் முதியவரைப் பத்து வயதுச் சிறுவன் ‘நீ’ என்று அழைக்கிறான். எந்தப் பாடநூலும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கைப்பேசியும் சொல்லித் தரவில்லை. அவனுடைய தந்தை அப்படி அழைப்பதையும், அதனால் அவர் மதிப்பு சிறிதும் குறையாததையும் அவன் பார்த்திருக்கிறான். அதே பையன் ஆசிரியரிடம் பணிவாகப் பேசுகிறான். அவனுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. அதை யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்காவிட்டாலும் கேள்வி எழாது என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறான்.

ஆகவே, ‘பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்’ என்று மட்டும் கேட்பது போதாது. அவர்கள் பார்க்கும் இடத்தில் எதற்குப் பாராட்டு கிடைக்கிறது, எதற்குத் தண்டனை கிடைக்கிறது, எது கண்டுகொள்ளப்படாமல் போகிறது என்று கேட்க வேண்டும். கைப்பேசியைப் பறித்து வைப்பது எளிது. நாளைக் காலை அந்த முதியவரை ‘வாருங்கள்’ என்று பிள்ளையின் முன்னால் அழைப்பது நம்மில் சிலருக்குக் கடினமாக இருக்கலாம். தொடங்க வேண்டிய இடம் அதுவே.