முட்டியும் திறக்காத வாசல்



அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போனவர்கள் ஆனையிறவில் ஓர் இரும்புப் பூதத்தைப் பார்த்திருப்பீர்கள். உருக்குத் தகடு போர்த்த புல்டோசர் அது. 1991 ஜூலையில், அங்கிருந்த இராணுவ முகாமின் அரண்களை இடித்து வழி திறக்கப் புலிகள் அதை ஏவினார்கள். காமினி குலரத்ன என்ற படைவீரர் கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறித் தடுத்தார், அங்கேயே மாண்டார். அந்தச் சண்டையில் இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். எல்லோரும் தாய்மார் பெற்ற பிள்ளைகள்தாம்.

இரும்பு புதிது, யுக்தி மிகப் பழையது. பெரிய மரத்தின் நுனிக்கு இரும்பு முகம் பூட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, பலர் சேர்ந்து பின்னே இழுத்துக் கோட்டைச் சுவரில் மோதவிடுவார்கள். அரபியர் இதனைக் 'கப்ஷ்' என்றனர். ஆட்டுக்கடா என்று பொருள். ரோமர் வைத்த பெயரும் அதுவே. நமது பழந்தமிழிலும் 'தகர்' என்றால் ஆட்டுக்கடா. 'தகர்த்தல்' என்றால் உடைத்தல். ஆடு வளர்க்கும் வீட்டில் இதற்கு விளக்கம் வேண்டாம். கடா நின்ற இடத்திலிருந்து முட்டாது, பின்னுக்குப் போய்த்தான் பாயும். காலம் பார்த்து அடங்கியிருக்கும் வலியவனுக்கு வள்ளுவர் 486ஆம் குறளில் இதையே உவமை ஆக்கினார்.

நம் நாட்டில் யானையே கடாவாக இருந்தது. விஜிதபுரக் கோட்டை வாசலில் துட்டகைமுனுவின் கண்டுல யானைமீது கொதிக்கும் கீல் ஊற்றப்பட்டது; அது பின்வாங்கி, புண்ணுக்கு மருந்திட்டு, தோல் போர்த்தி மறுபடி வந்து வாசலை உடைத்தது என்கிறது மகாவம்சம்.

ஆனால் எல்லா வாசலும் முட்டித் திறப்பதில்லை. ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) தாயிஃப் முற்றுகையின்போது ஸஹாபாக்கள் சிலர் 'தப்பாபா' என்னும் நகரும் கூண்டின் கீழ் ஒதுங்கிச் சுவரை நெருங்கினார்கள். (இன்றைய அரபியில் டாங்கிக்கு அதே பெயர்.) ஸகீஃப் கூட்டத்தார் மேலிருந்து காய்ச்சிய இரும்பைக் கொட்டினார்கள், வெளியே ஓடியவர்கள்மீது அம்புகள் பாய்ந்தன. நபி (ஸல்) அவர்கள் முற்றுகையை விலக்கித் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே ஸகீஃபின் தூதுக்குழு தானாக மதீனா வந்தது. சுவர் இடியவில்லை, வாசல் திறந்தது.

ஆனையிறவும் மோதலால் மட்டும் விழவில்லை. சுற்றிலும் உப்பு நீர். குடிதண்ணீர் இயக்கச்சிப் பக்கமிருந்து வரவேண்டும். 2000 ஏப்ரலில் அந்த வழி அடைபட்டது. முகாம் கைமாறியது. குடத்தோடு கிணறு தேடி நடந்த வன்னிப் பெண்களுக்கு, அந்த வெயிலில் உள்ளே இருந்தவர்களின் தொண்டை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.