எடை ஒன்றானால் எல்லாம் ஒன்றா?

ரைபிள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே ஒரு வாதம் உண்டு: “குண்டின் எடை அதே 150 கிரெய்ன், கம்பெனி மாறினாலும் பழைய வெடிமருந்தளவே போதும்.” தவறு.

1. எடை சரி, உலோகம்? செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. பார்ன்ஸ் கம்பெனியின் முழுச் செம்புக் குண்டு அதே எடைக்கு நீளமாகும், தோட்டாக் கூட்டுக்குள் மருந்துக்கான இடம் குறையும், அழுத்தம் ஏறும்.

2. மேலுறையின் கடினமும் குழலை உரசும் பரப்பும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தராசு அதைக் காட்டுமா?

3. மூக்கின் வளைவு மாறினால், குழலின் வரிப்பள்ளத்துக்கும் குண்டுக்குமான இடைவெளி மாறும். தோட்டாவின் மொத்த நீளத்தை மட்டும் அளந்து என்ன பயன்?

4. “இதுவரை ஒன்றும் ஆகவில்லையே” என்பது சான்றா? அது பழைய குண்டின் வரலாறு.

புதுக் குண்டா? அதற்குரிய தோட்டா நிரப்பும் கையேட்டின் தொடக்க மருந்தளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள்.